எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?

(தொடர் - 11)

2020 நவம்பரில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் பகுதியில் ஐந்து குழந்தைகள் அடுத்தடுத்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஐவருக்கும் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கத் தொடங்கியிருந்தது. அவர்களின் சராசரி வயது மூன்றைக்கூட எட்டவில்லை. கல்லீரல் அழற்சி என்றால் மருத்துவர்கள் முதலில் வைரஸைத் தேடுவார்கள். தேடினார்கள், கிடைக்கவில்லை. பிறகு சுகாதாரத் துறையினர் ஒவ்வொரு குடும்பத்தையும் விசாரித்தார்கள். பிள்ளை என்ன சாப்பிட்டது, என்ன மருந்து கொடுத்தீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தது? எல்லா வீட்டுப் பதிலிலும் பொதுவாக இருந்தது ஒன்றுதான். 'ரியல் வாட்டர்' என்ற பெயரில் விற்கப்பட்ட தண்ணீர்.

லாஸ் வேகாஸ் குழாய்த் தண்ணீரையே எடுத்து, வேதிப்பொருள் சேர்த்து, காரத்தன்மை ஏற்றி, உடம்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்து விற்ற நிறுவனம் அது. கடைகளில் பாட்டிலாகவும், வீடுகளில் பெரிய கேனாகவும் இறக்கியது. 2021 மார்ச்சில் எல்லா அளவுகளையும் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. வழக்குகள் குவிந்தன. ராக்கெட் எரிபொருளில் பயன்படும் ஹைட்ரசின் என்ற வேதிப்பொருள் அந்தத் தண்ணீரில் இருந்தது என்பது பாதிக்கப்பட்டவர்களின் வாதம். 2023 அக்டோபரில் நடுவர் குழு முதல் தீர்ப்பைச் சொன்னது. இறந்துபோன 69 வயதுப் பெண்ணின் குடும்பத்தாரும், ஏழு மாதக் குழந்தையாக மருத்துவமனையில் கிடந்த ஒருவனும் உள்ளிட்டோருக்கு 22.8 கோடி டாலருக்கு மேல். அதில் 20 கோடி, நிறுவனத்தைத் தண்டிப்பதற்கென்றே விதித்த தொகை. அடுத்த பிப்ரவரியில் இன்னொரு வழக்கில் ஐந்து பேருக்கு ஏறக்குறைய 13 கோடி டாலர்.

இந்தத் தொகைகள்தான் அன்று செய்தியாயின. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மூன்றாவது கேள்வி. எந்தத் தண்ணீர் குடித்தது என்று ஒருவர் கேட்டு, பதிலைத் தாளில் எழுதி வைத்திராவிட்டால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

இனி நம் பக்கம் வருவோம். போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மலையை ஒட்டிக் கிடக்கிறது ராசிங்காபுரம். மேலே கேரள எல்லை தொட்டு ஏலத்தோட்டங்கள். மழையின் பெரும்பங்கை மலையின் மேற்குப் பக்கம் வாங்கிக்கொள்ள, கீழே இருக்கிற ஊர்கள் ஆழ்குழாயையும் குடிநீர்த் திட்டக் குழாயையும் நம்பி இருக்கின்றன. இந்த அடிவாரத்திலிருந்து விடிவதற்குள் ஜீப் ஏறித் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். பையில் சோற்று வாளியோடு ஒரு தண்ணீர் பாட்டிலும் இருக்கும். வீட்டில் விசேஷம் என்றால் கேன் தண்ணீர். பந்தலுக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் இருபது லிட்டர் கேன்கள் வரிசை கட்டி நிற்காத கல்யாணம் இன்று எந்த ஊரிலும் இல்லை.

அப்படி ஒரு கல்யாணம் ராசிங்காபுரத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் பத்துப் பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் என்ன நடக்கும்? "என்ன சாப்பிட்டீங்க?" என்பார்கள். "கல்யாணச் சாப்பாடு" என்பார்கள் இவர்கள். பழி சமையல்காரர் தலையில் விழும். ஊசி, மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். ஓ.பி. சீட்டில் வயிற்றுப்போக்கு என்று ஒரு வரி. கேன்களா? அவை மறுநாள் காலையிலேயே வண்டி ஏறி, கழுவப்பட்டு, வேறு தண்ணீர் நிரப்பிக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருக்கும். பில் கிடையாது. கேனில் ஒட்டியிருந்த தாள் ஒரு கம்பெனியுடையது, உள்ளே இருந்த தண்ணீர் வேறொரு இடத்துடையது என்றால்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, தயாரிப்புப் பொறுப்புக்கென்றே ஆறாவது அத்தியாயத்தை ஒதுக்கியிருக்கிறது. 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். தயாரிப்பில் குறை இருந்து, அதனால் ஒருவருக்கு நோயோ காயமோ மரணமோ நேர்ந்தால் தயாரிப்பாளரை நேரடியாக வழக்கில் இழுக்கலாம். காசு கொடுத்து வாங்கியவர்தான் வழக்குப் போட வேண்டும் என்றில்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். ஆகவே பந்தலில் ஒரு டம்ளர் குடித்த விருந்தாளிக்கும் உரிமை உண்டு.

இந்த உரிமைக்கும் ஒரு பாட்டில்தான் காரணம். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில், தோழி வாங்கிக் கொடுத்த இஞ்சி பீரைக் குடித்த மே டோனகியூ, பாட்டிலில் அழுகிய நத்தை இருந்ததாகச் சொல்லி, தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட்டார். வாங்கியவர் அவரல்ல, ஆகவே ஒப்பந்தம் இல்லை என்பது எதிர்வாதம். ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் கடைசியில் குடிக்கப் போகிறவரிடம் தயாரிப்பாளருக்குக் கடமை உண்டு என்று 1932-ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னது. சட்டக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் வழக்கு. ஆனால் நத்தை உண்மையிலேயே இருந்ததா என்பதை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. சாட்சியம் பதிவாகும் கட்டத்துக்குப் போகாமலே சமரசத்தில் முடிந்தது. சட்டக் கேள்வியில் ஜெயித்தவர், உண்மைக் கேள்வியில் ஜெயித்திருப்பாரா என்பது கடைசி வரை தெரியவே இல்லை.

நம் ஊர்க்காரருக்கு அந்த இரண்டாவது கேள்விதான் மலை. கேனில் இருந்த தண்ணீர் கெட்டது என்று காட்ட வேண்டும். அந்தத் தண்ணீரால்தான் இந்த நோய் என்றும் காட்ட வேண்டும். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருள் என்றால், புகார்தாரரிடம் மாதிரி பெற்று, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பி, 45 நாளுக்குள் அறிக்கை வாங்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. கொடுக்க மாதிரி வேண்டுமே! மூடி திறந்த பாட்டிலை நீட்டினால், நீங்களே எதையோ கலந்துவிட்டீர்கள் என்று கம்பெனி வக்கீல் எழுந்திருப்பார். கேனை வெயிலில் வைத்தீர்கள், குழாய் மாட்டிய டிஸ்பென்சரைக் கழுவவில்லை என்பார்கள். பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டாலோ மாற்றப்பட்டாலோ விற்பனையாளர் மீது வழக்கு நில்லாது என்கிறது 87-ஆம் பிரிவு.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006-ல் இன்னொரு வழி உண்டு. 40-ஆம் பிரிவின்படி, வாங்கிய பொருளைக் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் யாரும் கொடுக்கலாம். மதுரையிலேயே அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: ஆய்வுக்கு அனுப்பப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்ல வேண்டும். குடித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பவருக்கு இது எப்படிப் பயன்படும்? கலப்படத்தை முன்கூட்டியே சந்தேகிப்பவருக்காக எழுதிய பிரிவு இது.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு என்றால் நிலைமை இன்னும் கடினம். 2003 பிப்ரவரியில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஓர் ஆய்வை வெளியிட்டது. டெல்லியில் 17, மும்பையில் 13 பிராண்டுகளின் தண்ணீரை வாங்கிப் பரிசோதித்தார்கள். லிண்டேன், டி.டி.டி., மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எனப் பூச்சிக்கொல்லிகள் கிடைத்தன. பெரிய கம்பெனிகளின் பாட்டில்களிலும் கிடைத்தன. ஆலைகள் உறிஞ்சிய நிலத்தடி நீரிலேயே அவை கலந்திருந்தன. அத்தனைக்கும் 2001 மார்ச் முதலே ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். தரக்கட்டளை, பூச்சிக்கொல்லி 'கண்டறியத்தக்க அளவுக்குக் கீழே' இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. சொன்ன பரிசோதனை முறைக்கோ அவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறியும் திறன் இல்லை. அதனால் எல்லாப் பாட்டில்களும் தேறிக்கொண்டிருந்தன. அந்த ஆய்வுக்குப் பிறகே, 2004 ஜனவரி முதல், ஒரு பூச்சிக்கொல்லி லிட்டருக்கு 0.0001 மில்லிகிராமுக்கு மேல், எல்லாம் சேர்ந்து 0.0005 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று எண்ணால் வரையறுத்தார்கள்.

இந்த எண்கள் ராசிங்காபுரத்துக்கு ஏன் முக்கியம் என்பதற்கு மலையைப் பார்த்தாலே போதும். நாட்டிலேயே அதிகமாக மருந்தடிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்று. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது நினைவிருக்கும். அதில் சேர்த்த ஏலக்காயில் 14 பூச்சிக்கொல்லிகளின் எச்சம் அனுமதித்த அளவுக்கு மேல் இருப்பதாக ஆய்வறிக்கை வந்தது; ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது வேறு விஷயம். ஏலக்காய்க் கொள்முதல் தகராறாகத் தொடங்கிய வழக்கு என்பதால் வக்கீலும் ஆய்வகமும் விரைவாகக் கிடைத்தன. அதே ஏலத்துக்கு மருந்தடிக்கும் கூலித் தொழிலாளி குடிக்கிற தண்ணீரை அந்த வேகத்தில் பரிசோதிக்க யார் மனுப் போடுவார்கள்?

2025 டிசம்பரில், பாட்டில் தண்ணீரின் தரத்தை உலகளாவிய அளவுகோலுக்கு உயர்த்தக் கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. கிராமங்களில் குடிக்கவே தண்ணீர் இல்லாதபோது இது நகரத்து வசதியானவர்களின் கவலை என்ற பொருளில் அமர்வு பேசியது. மரியாதையோடு மாறுபடுகிறேன். கேன் தண்ணீர் வசதிக்காரர் பண்டமாக இருந்த காலம் போய்விட்டது. குழாயில் வருவதை நம்ப முடியாமல், கூலியில் ஒரு பங்கைக் கேனுக்கு எடுத்துவைக்கும் குடும்பங்கள் அடிவாரக் கிராமங்களில்தான் இருக்கின்றன. அரசுக்கும் இது தெரியும். 2024 அக்டோபரில் கட்டாய ஐ.எஸ்.ஐ. சான்றை நீக்கிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அடுத்த மாதமே அடைக்கப்பட்ட குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது.

இத்தனை தடைகளுக்கு நடுவே, சட்டத்தில் இரண்டு இடங்கள் ராசிங்காபுரத்துக்காரருக்குக் கைகொடுக்கும். ஒன்று, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 86-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் யாரென்றே தெரியவில்லை என்றால் பொறுப்பு விற்றவர் மேல் விழும். லேபிள் இல்லாத கேன், கிழிந்த லேபிள் கேன் எல்லாம் இதில் சிக்கும். கேனை இறக்கும் ஏஜென்சிக்காரர், "நான் கொண்டுவந்து போடுகிறவன்தானே" என்று கைவிரிக்க முடியாது. தொகுதி எண்ணும் உரிம எண்ணும் தெரிகிற மாதிரி இறக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் தயாரிப்பாளர் மாட்டுவார். எண்ணே இல்லை என்றால் அந்தப் படமே விற்றவருக்கு எதிரான ஆவணம். விசேஷ வீட்டில் ஒரு கேனை மூடி பிரிக்காமல் இரண்டு நாள் நிறுத்திவையுங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு கேன் விலைதான். நோய் வந்தால் இரண்டு ஆண்டுக்குள் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டது என்றால் கட்டணமே இல்லை. ஆணையம் நினைத்தால் தண்டத் தொகையும் விதிக்கலாம்.

இன்னொன்று, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு. யாரும் அதிகம் பேசாத பிரிவு. குறிப்பிட்ட ஒரு பகுதியில் தொழில் செய்யும் பதிவுபெற்ற மருத்துவர்கள், தங்களிடம் வரும் உணவு நச்சு நேர்வுகளை எல்லாம் அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் அறிவிக்கை வெளியிடலாம். அந்தச் சட்டத்தில் தண்ணீரும் உணவுக்குள் அடக்கம். லாஸ் வேகாஸில் ஐந்து பிள்ளைகளை ஒரே பாட்டிலோடு சேர்த்துப் பார்க்க முடிந்ததற்குக் காரணம், மருத்துவமனைத் தகவல் ஓரிடத்தில் வந்து குவிந்ததுதான். போடி அரசு மருத்துவமனைக்கு நான்கு பேர், தனியார் கிளினிக்குக்கு மூன்று பேர், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூன்று பேர் என்று சிதறிப்போனால் பத்து தனித்தனி வயிற்றுப்போக்குதான் கணக்கில் ஏறும். ஒரே தாளில் பத்துப் பெயரும், எதிரே குடித்த தண்ணீரின் பெயரும் இருந்தால் அது சாட்சியம்.

போடி வட்டத்துக்கு 35-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை கேட்டு ராசிங்காபுரம் கிராம சபையில் ஒரு தீர்மானம் போடலாம். கிராம சபை கூடும் நாட்களில் மே 1-ம், ஆகஸ்ட் 15-ம் உண்டு. தீர்மானத்தில் இரண்டு கோரிக்கை போதும்: வட்டத்திலுள்ள மருத்துவர்கள் தகவல் தர வேண்டும், ஓ.பி. சீட்டில் நோயாளி குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு வரி இடம் விட வேண்டும்.

(தொடரும்)