பயன்படுத்திய ஊசி எங்கே செல்ல வேண்டும்?

எங்கள் பொது மருத்துவப் பிரிவுக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவோர் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஊசி போட்டு முடித்ததும் செவிலியர் அதன் மூடியை மீண்டும் மாட்டுவதில்லை; குப்பைக் கூடையில் எறிவதும் இல்லை. அருகில் இருக்கும் சிறு பெட்டி போன்ற கருவியின் துளைக்குள் ஊசியை நுழைக்கிறார். சிறிது தீப்பொறி, ஒரு சீறல் ஒலி, கருகிய வாடை. "ஒரு ஊசிக்கு இவ்வளவு சடங்கா, டாக்டர்?" என்று சூளகிரியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அண்மையில் சிரித்துக்கொண்டே கேட்டார். அன்று அவருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லி அனுப்பினோம். கேள்வி அதைவிடப் பெரியது என்பதால் இவ்விதழில் விரிவாக எழுதுகிறோம்.

சில மாதங்களுக்கு முன் தூய்மைப் பணியாளர் ஒருவர் வலது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். வீடு வீடாகச் சேகரித்த குப்பையைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, காய்கறித் தோலும் பால் உறைகளும் கலந்து கிடந்த பையிலிருந்து இன்சுலின் ஊசி ஒன்று கையுறையைத் துளைத்து அவர் விரலில் ஏறிவிட்டது. காயம் கடுகளவுதான். ஆனால் அந்த ஊசி யாருடையது என்பது அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அவருடன் கலந்து பேசி, எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மாத்திரைகளை 28 நாட்களுக்குத் தொடங்கினோம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போடப்பட்டது. பின்னர் ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என இரத்தப் பரிசோதனைகள். மாத்திரையால் வந்த குமட்டலோடு அவர் தினமும் வேலைக்குச் சென்றார். "வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் இதை எப்படிச் சொல்வது?" என்று அவர் கேட்டபோது எங்களிடம் ஆயத்தமான பதில் இல்லை.

அந்த ஊசியைப் பையில் போட்டவர் கெட்ட எண்ணத்துடன் போட்டிருக்க மாட்டார். எங்களிடமே மருந்துச் சீட்டு பெற்றவராகக்கூட இருக்கலாம். இன்சுலினை எந்த இடத்தில், எத்தனை அலகு, எந்த நேரத்தில் போட வேண்டும் என்பதைப் பொறுமையாகக் கற்பிக்கிறோம். போட்ட பிறகு ஊசியை என்ன செய்வது என்பதைப் பலருக்கும் சொல்லாமல் விட்டிருக்கிறோம். அந்தக் குறையை ஓரளவேனும் தீர்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

ஊசியின் உட்புறம் மெல்லிய குழாய். பயன்படுத்திய பின் அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கியிருக்கும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும், குறைந்தது 7 நாட்கள் தொற்றும் திறனுடன் இருக்கக்கூடியது. அந்த வைரஸ் உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால், தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு 6 முதல் 30 வரை. ஹெபடைடிஸ் சி-க்கு இது நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு, எச்.ஐ.வி.க்கு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 3. பலரும் எச்.ஐ.வி.யை நினைத்தே அஞ்சுகிறார்கள். உண்மையில் முதலில் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி-யை. நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அத்தடுப்பூசி இடம்பெற்றது 2011ஆம் ஆண்டு வாக்கில்தான். ஆகவே இன்று பெரியவர்களாக இருப்போரில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இப்போது அந்தக் கருவிக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மின்சாரத்தால் இயங்குவது. ஊசியின் உலோகத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து, அது செந்நிறமாகக் காய்ந்து உருகிப்போகும். பெரியவர் கண்ட தீப்பொறி இதுதான். மற்றொன்று, கையால் அழுத்தி இயக்கும் வெட்டுக் கருவி. ஊசி சிரிஞ்சுடன் சேரும் கழுத்துப் பகுதியை அது வெட்டிவிடும். ஊசி கீழே உள்ள பெட்டிக்குள் விழும். கிராமங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வரும் சுகாதாரச் செவிலியரிடம் இவ்வகைக் கருவியை நீங்கள் பார்த்திருக்கலாம். மின்வெட்டு அதற்கு ஒரு பொருட்டல்ல என்பதால் முகாம்களுக்கு அதுவே ஏற்றது. எரிக்கும் கருவியில் ஊசியின் அடிக்கட்டை சற்றே எஞ்சுவதுண்டு. அதையும் கூரிய பொருளாகவே கருத வேண்டும். எந்தக் கருவியாயினும் அது ஊசி போடும் இடத்திலேயே, கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும். ஊசியைக் கையில் ஏந்தி அறையைக் கடந்து நடக்க வேண்டியிருந்தால் கருவி இருந்தும் பயன் குறைவு. மூடியை மாட்டாதிருப்பதற்கும் காரணம் இதுவே: சிறிய மூடியை மற்றொரு கையில் பிடித்து ஊசியை அதற்குள் செலுத்த முயலும்போதுதான் பல ஊசிக்குத்துகள் நேர்கின்றன.

குத்திவிடும் என்ற அச்சத்தால் மட்டும் ஊசியை அழிப்பதில்லை. மீண்டும் பயன்பட்டுவிடக் கூடாது என்பதும் காரணம். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலத்தின் மொடாசா பகுதியில் ஹெபடைடிஸ் பி வேகமாகப் பரவிப் பலர் உயிரிழந்தனர். விசாரணையில், ஒருமுறை பயன்படுத்திய ஊசிகளும் சிரிஞ்சுகளும் மறுபடியும் நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டதும், பழைய சிரிஞ்சுகளைச் சேகரித்து விற்கும் வணிகம் நடந்துவந்ததும் வெளிப்பட்டன. தொழிற்சாலைகள் நிறைந்த நம் ஓசூர்ப் பகுதியில் காயலான் கடைகளுக்குக் குறைவில்லை. பழைய பிளாஸ்டிக்குக்கு எப்போதும் விலை உண்டு. ஊசி நீங்கிய, கழுத்து வெட்டுண்ட சிரிஞ்சை எவரும் கழுவிப் புதியதென விற்க முடியாது.

வெட்டப்பட்ட ஊசிகள் செல்வது படுக்கையருகே நீங்கள் காணும் வெண்ணிறப் பெட்டிக்குள். குத்தினால் துளைபடாத, ஒழுகாத, எளிதில் திறக்க இயலாத பெட்டி அது. முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி முத்திரையிடப்படும். கையை விட்டு அமுக்கி இடம் உண்டாக்குவது கூடவே கூடாது. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் இதனுடன் மூன்று நிறங்களை வகுத்துள்ளன. இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பைக்கு. டிரிப்ஸ் குழாய், சிறுநீர்ப் பை, கையுறை முதலியவை சிவப்புக்கு. மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீலப் பெட்டிக்கு. உடனிருப்போர் நினைவில் கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இட்லிப் பொட்டலமும் தேநீர்க் கோப்பையும் இவற்றில் எதற்கும் உரியவை அல்ல. மருத்துவமனைக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பையே என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாதாரணக் குப்பையை மஞ்சள் பையில் போட்டால் அதையும் எரித்தாக வேண்டும். மஞ்சள் பைக்குரியதைச் சாதாரணக் கூடையில் போட்டாலோ மேலே சொன்ன பெண்மணியின் கதைதான்.

பைகளும் பெட்டிகளும் பார்கோடு ஒட்டப்பட்டு, 48 மணி நேரத்துக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே சிவப்புப் பையும் வெள்ளைப் பெட்டியும் ஆட்டோகிளேவ் என்னும் நீராவிக் கலனுக்குள் செல்லும். நம் வீட்டு பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன் என்று அதைச் சொல்லலாம். விதிகள் ஏற்கும் அளவுகளுள் ஒன்று, 121 பாகை செல்சியசில் 60 நிமிடங்கள். கிருமி உண்மையில் இறந்ததா என்பதை அறிய, வெப்பத்தை மிகவும் தாங்கும் ஒரு பாக்டீரியாவின் வித்துகளையே உள்ளே வைத்துச் சோதிப்பார்கள். அவை மடிந்தால் மற்றவை மடிந்தன என்று பொருள். பின்னர் பிளாஸ்டிக் துண்டு துண்டாக அரைக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போகும். ஊசிகளுக்கு விதிகள் அனுமதிக்கும் இறுதி இடங்களுள் ஒன்று இரும்பு வார்ப்பாலை. வார்ப்பாலையில் பணிபுரியும் வாசகர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். உருக்கு உலையின் வெப்பத்தில் எந்தக் கிருமியும் தப்பாது என்பதை அவர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

மஞ்சள் பை எரியூட்டும் உலைக்குச் செல்கிறது. முதல் அறையில் 800 பாகைக்குக் குறையாமலும், புகை செல்லும் இரண்டாம் அறையில் 1,050 பாகை அளவிலும் வெப்பம் இருக்க வேண்டும். குறைந்த வெப்பத்தில் குளோரின் கலந்த பிளாஸ்டிக்கை எரித்தால் டையாக்சின் என்னும் நச்சு உருவாகும். தாத்தாவின் சிறுநீர்ப் பையையும் டியூபையும் கொல்லைப்புறத்தில் கொளுத்துவது பாதுகாப்பு என்று எண்ணும் குடும்பங்கள் உள்ளன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாநில எல்லையில் வாழும் நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. அத்திப்பள்ளியிலிருந்தும் ஆனேக்கல்லிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகிறார்கள். இங்கிருந்து பெங்களூருக்குச் செல்கிறார்கள். ஜூஜூவாடியைக் கடக்கும் வாகனங்களுக்குக் கணக்கில்லை. எல்லை தாண்டிக் கொண்டுபோய்க் கொட்டினால் கேட்க ஆளில்லை என்ற எண்ணம் எத்தகைய விளைவைத் தரும் என்பதைத் திருநெல்வேலி கண்டது. 2024 டிசம்பரில் அம்மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரள மருத்துவமனைகளின் கழிவுகள் கொட்டப்பட்டுக் கிடந்தன. நோயாளிகளின் விவரம் அடங்கிய தாள்களும் அவற்றுள் இருந்தன. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதை அடுத்து, கேரளத்திலிருந்து வந்த லாரிகள் அவற்றைத் திரும்ப அள்ளிச் சென்றன. 2025ஆம் ஆண்டு ஏப்ரலில், குண்டர் தடுப்புச் சட்டம் எனப் பரவலாக அறியப்படும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரம்புக்குள் மருத்துவக் கழிவைச் சட்டவிரோதமாகக் கொட்டுவோரையும் கொண்டுவரும் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டப்பேரவை நிறைவேற்றியது. கழிவு விதிகளோ மத்திய அரசின் விதிகள். எல்லைக் கோட்டின் இருபுறமும் அவை ஒன்றே.

சட்டமும் பார்கோடும் மருத்துவமனை வாசல் வரைதான் கண்காணிக்கும். வீட்டில் போடும் இன்சுலின் ஊசியைக் கண்காணிக்க எவரும் இல்லை. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வீட்டு ஊசிகளை அபாயக் கழிவாக வகைப்படுத்தி, மற்றக் குப்பையிலிருந்து பிரித்துத் தரச் சொல்லியிருந்தன. அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. துணி துவைக்கும் திரவம் அல்லது கழிவறை சுத்தம் செய்யும் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் புட்டி போதும். திருகு மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் மெல்லியது, ஊசி துளைத்துவிடும். கண்ணாடிச் சீசா உடையும். புட்டியின் மேல் "ஊசி, திறக்காதீர்கள்" என்று பெரிதாக எழுதுங்கள். நம் ஊரில் கன்னடத்திலும் தெலுங்கிலும் சேர்த்து எழுதுவது நல்லது. குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்சுலின் சிரிஞ்சில் ஊசி பிரிக்க முடியாதபடி பொருத்தப்பட்டிருக்கும். சிரிஞ்சு முழுவதையும் மூடியின்றிப் புட்டிக்குள் போடலாம். பேனா வகை இன்சுலினில் ஊசியைக் கழற்றியாக வேண்டும். பெரிய வெளிமூடியை மேசைமேல் நிறுத்தி, அதைக் கையால் பிடிக்காமல், ஒரே கையால் பேனாவை அதற்குள் இறக்கி, பிறகு திருகி எடுங்கள். சர்க்கரை அளவு பார்க்க விரல் நுனியைக் குத்தும் சிறு ஊசியும் இதே புட்டிக்கு உரியது. பலரும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். செலவைக் கருதி ஒரே ஊசியைப் பலமுறை பயன்படுத்துவோர் உண்டு என்பதை நாங்கள் அறிவோம். அதை எங்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள், வழி பார்ப்போம். ஆனால் கணவரின் பேனாவை மனைவியோ, அம்மாவின் பேனாவை மகனோ, ஊசியை மாற்றிக்கூடப் பயன்படுத்தக் கூடாது; இரத்தம் பேனாவுக்குள்ளும் பின்னேறக்கூடும்.

புட்டி முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை இறுக்கி, மேலே பிளாஸ்டர் சுற்றி, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எங்கள் புறநோயாளிகள் பிரிவுச் செவிலியரிடம் கொடுங்கள். எங்கள் வெண்ணிறப் பெட்டிகளோடு அதுவும் செல்லும். கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை போன்ற தொலைவிலிருந்து வருவோர் இதற்கென்று தனியே வர வேண்டியதில்லை.

எவருக்கேனும் ஊசி குத்திவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம்; விரலை வாயில் வைக்க வேண்டாம்; பிளீச்சிங் திரவம் ஊற்ற வேண்டாம். உடனே மருத்துவமனைக்கு வாருங்கள், இரவானாலும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது. 72 மணி நேரம் கடந்தால் அதனால் பயனில்லை. வீட்டில் நோயாளிக்கு ஊசி போடும் பொறுப்பு உங்களுடையதாக இருந்தால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை இப்போதே தொடங்கலாம். முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம் என மூன்று தவணைகள். அடுத்த முறை வரும்போது செவிலியரிடம் கேளுங்கள்.