உங்களுக்குத் தெரியுமா? விமானப் பழுதுபார்ப்பின் பொருளாதாரம்

நாயுடுபேட்டை வட்டார மக்கள் சென்னையிலோ, ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையத்திலோ விமானம் ஏறும்போது செலுத்தும் கட்டணத்தில் பராமரிப்புச் செலவும் கணிசமாக அடங்கியுள்ளது.

◆ அச்செலவில் ஏறத்தாழப் பாதி எஞ்சின்களுக்கே செல்கிறது. ஏனெனில் அவற்றின் சுழல்வட்டுகள், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ‘சுழற்சிகள்’, அதாவது ஏறி இறங்கும் பறப்புகள், நிறைவுற்றதும், பார்வைக்குப் பழுதற்றவையாக இருப்பினும், கட்டாயம் மாற்றப்பட வேண்டும்.

◆ ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உட்பகுதிகளைத் திறந்து ஆராயும் ‘சி’ சோதனைக்காக விமானம் பணிமனையில் நிறுத்தப்படும் நாட்களில், வருவாய் நின்றுவிட, குத்தகைத் தொகை மட்டும் தொடர்வதால், வேலையை விரைந்து முடிப்பதே பெருஞ்சேமிப்பாகிறது.

◆ உள்நாட்டுப் பழுதுபார்ப்புக்கு 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) விதிக்கப்பட்டிருந்தமை இந்தியப் பணிமனைகளுக்குப் பெருஞ்சுமையாக இருந்தது; 2020 ஏப்ரலில் அது 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 2024 ஜூலையில், இறக்குமதியாகும் விமான உதிரிபாகங்களுக்கும் ஒரே சீராக 5 விழுக்காடு ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி. நிர்ணயிக்கப்பட்டது.

◆ தமிழ்நாட்டின் ஓசூரில், 1951இல் தோன்றிய ஏர் வொர்க்ஸ் நிறுவனத்தின் பணிமனை இயங்குகிறது. ஹைதராபாத்தில், பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தின் ‘லீப்’ எஞ்சின் பழுதுபார்ப்பு மையம் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது.

உரிமம் பெற்ற பொறியாளர்களின் உழைப்பையே இத்தொழில் நம்பியிருப்பதால், வரிச்சலுகைக்கு இணையாகத் தொழிற்பயிற்சியும் வளர்ந்தால்தான் இதன் பயன் இவ்வட்டார இளைஞர்களைச் சென்றடையும்.