பவளப் பாறைகளைக் காணச் செல்வோர் அறிய வேண்டியவை

பவளம் என்றவுடன் நவமணிகளுள் ஒன்றாகிய செந்நிற மணியே தமிழர் நினைவிற்கு வரும். சங்கப் புலவர்கள் அதனைத் துகிர் என்றனர். அணிகலனுக்குரிய அச்செம்பவளமும், மலேசியத் தீவுகளைச் சூழ்ந்து கிடக்கும் பவளப் பாறையும் வெவ்வேறு இனத்தவை. ஆயினும் இரண்டும் கடல்வாழ் சிற்றுயிர்கள் கட்டியெழுப்பியவையே. பாறை என்னும் பெயரால் அதனை உயிரற்ற கல்லென்று எண்ணிவிடலாகாது.

வெளிறுதல் என்பது யாது?

பாறையைக் கட்டும் பவள உயிரின் உடலுக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரவன் ஒளியால் உணவு சமைத்து, அதன் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த உயிருக்கே வழங்குகின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அப்பாசிகளால் அமைவதே. ஆண்டின் வெப்பமிக்க திங்களில் வழக்கமாக உள்ள அளவைவிடக் கடல்நீரின் வெப்பம் ஒரு பாகை மிகுந்து, சில கிழமைகள் நீடிக்குமாயின், இந்நட்பு முறிகிறது. பவளம் பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. உள்ளிருக்கும் வெண்சுண்ணக் கூடு வெளித்தெரிகிறது. இதுவே வெளிறுதல் எனப்படும்.

வெளிறிய பவளம் இறந்துபட்டதன்று; பட்டினி கிடப்பது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும், நீடித்தால் மடியும். உலகளாவிய வெளிறுதல் 1998, 2010, 2014 முதல் 2017 வரை எனப் பலமுறை நேர்ந்துள்ளது. நான்காவது முறை நேர்வதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது.

காலமும் இடமும்

தியோமான், ரெடாங், பெர்ஹெந்தியான் முதலிய கிழக்குக்கரைத் தீவுகளுக்குச் செல்ல ஏற்ற காலம் ஏறத்தாழ மார்ச்சு முதல் அக்டோபர் வரை. ஏனைய திங்கள்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். ஆனால், மே, ஜூன் திங்கள்களை ஒட்டியே அக்கடல் மிகச் சூடேறுகிறது. 2010 ஜூலையில் இம்மூன்று தீவுகளிலும் முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை மலேசிய அரசு தற்காலிகமாக மூடியது இதனாலேயே. நோயாளியின் படுக்கையைச் சுற்றிக் கூட்டம் கூடலாகாதன்றோ?

ஆகவே, பணம் கட்டுமுன் கடல் வெப்பநிலையை விசாரித்தறிதல் வேண்டும். செயற்கைக் கோள்களின் துணையால் வரையப்படும் வெப்பப் படங்கள் நாள்தோறும் வெளியாகின்றன. வெளிறுதல் கடுமையாயின் பயணத்தைத் தள்ளிவைப்பதே நன்று. படகு நங்கூரம் பாய்ச்சுமா, மிதவையில் கட்டப்படுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். பாறைமேல் விழும் நங்கூரம் பவளத்தை நொறுக்கும்.

செல்லாதிருப்பதே அறமா?

ஒருவரும் செல்லாவிடின் பவளம் பிழைக்கும் என்பர் சிலர். கடலைச் சூடாக்குவது முக்குளிப்பவனின் கால் அன்று; உலகெங்கும் எரிக்கப்படும் நிலக்கரியும் எண்ணெயுமே. மேலும், தீவு மக்கள் பலர்க்கு வருவோரால் கிடைக்கும் ஊதியமே வாழ்வு. பவளத்தால் பயன் பெறுவோரே அதனைக் காக்கவும் முன்வருவர். எனவே தடையினும் அளவே சிறந்தது. சபாவின் சிப்பாடான் தீவில் இருந்த விடுதிகள் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டன. அங்கு நாளொன்றுக்கு முக்குளிப்போர் தொகையும் அனுமதிச் சீட்டால் வரையறுக்கப்படுகிறது.

செல்வோர் கடமை

வெப்பத்தால் நலிந்த பவளத்திற்கு வேறு துன்பம் சேர்க்காதிருப்பதே செல்வோர் கடமை. குன்றுபோல் திரளும் பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். பல தலைமுறை வளர்ச்சி ஓர் உதையில் உடைந்துவிடலாம். ஆதலின் புதியவர்கள் நீச்சற் குளத்திலோ மணற்பரப்பின் மேலோ உடலை நீரில் நிலைநிறுத்தப் பழகிய பின்னரே பாறையை அணுக வேண்டும். பவளத்தைத் தொடுதலும், நின்று இளைப்பாறுதலும், மணலைக் கலக்குதலும் கூடா. வெயிற்காப்புப் பூச்சுகள் சிலவற்றில் உள்ள ஆக்சிபென்சோன் பவளத்திற்குக் கேடு செய்யும் எனக் கருதி, பலாவு நாடு 2020-இல் அத்தகைய பூச்சுகளைத் தடைசெய்தது. நீண்ட கைச்சட்டை அணிந்தால் பூச்சின் தேவையே குறையும்.

கப்பல் நெருக்கடி மிக்க சிங்கப்பூரின் கலங்கிய கடலிலும் ஏறத்தாழ 250 வகை வன்பவளங்கள் வாழ்கின்றன. இடர் பல தாங்கியும் நிலைத்திருக்கும் ஆற்றல் பவளத்திற்கு உண்டு. ஆனால் அவ்வாற்றலுக்கும் எல்லை உண்டு. அதனை மாணவர்க்கு உணர்த்துதல் ஆசிரியர் கடன். மதித்து நடத்தல் கடலில் இறங்குவோர் கடன்.