கன்றைப் பிரிக்காத பண்ணைகள்

இயற்கைமுறைக் கால்நடை வளர்ப்பு என்றால் ரசாயனம் படாத தீவனம் போடுவது என்பதே பொதுவான எண்ணம். ஐரோப்பியச் சட்டம் கேட்பது அதைவிட அதிகம். 2022 ஜனவரி முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் உள்ள 2018/848 ஒழுங்குவிதி தீவனம், இடம், மருந்து மூன்றுக்கும் அளவு வகுத்திருக்கிறது. கொட்டகைக்குள் ஒரு சதுர மீட்டருக்கு 6 முட்டைக்கோழிகளுக்கு மேல் கூடாது. வெளியே உலவ ஒவ்வொன்றுக்கும் 4 சதுர மீட்டர் வேண்டும். மாடு தின்பதில், உலர் எடைக் கணக்கில், பொதுவாக 60 விழுக்காடாவது புல்லும் உலர்புல்லுமாக இருக்க வேண்டும். கறவை கூட வேண்டுமென்று அடர்தீவனத்தை அள்ளிக் கொட்ட முடியாது.

மருந்து விஷயத்தில் நாடுகள் ஒத்துப்போவதில்லை. அமெரிக்காவில் ஒருமுறை ஆன்டிபயாடிக் கொடுத்தாலே அந்த மாடு இயற்கைப் பால் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அந்தத் தகுதி போய்விடுமே என்று சிகிச்சை தராமல் விடுவதும் அங்கே விதிமீறல்தான். ஐரோப்பாவில் கால்நடை மருத்துவர் சொன்னால் கொடுக்கலாம். ஆனால் மருந்துக்குக் குறித்த காத்திருப்புக் காலத்தைப்போல் இரண்டு மடங்கு நாள் பாலை விற்கக் கூடாது. ஓராண்டில் மூன்று முறைக்கு மேல் மருத்துவம் செய்தால் பொதுவாகத் தகுதி போகும். நோயுற்ற மாட்டின் பக்கமிருந்து பார்த்தால் ஐரோப்பிய வழியே மேல்.

கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் தேடவைப்பது பெரும்பாலும் மடிநோய். இதற்குத் தமிழ்நாட்டில் கைக்கு எட்டிய மாற்று ஒன்று உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு மருந்துகளைத் தொகுத்து அளவு நிர்ணயித்தார். தேசிய பால்வள வாரியம் அவற்றைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியே பரப்பி வருகிறது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைக்க வேண்டும். மடியில் தேங்கிய பாலைப் பீய்ச்சி, கழுவிவிட்டு, விழுதில் ஒரு பிடியைத் தண்ணீரில் கரைத்து மடி முழுக்கப் பூச வேண்டும். நாளில் பலமுறை, ஐந்து நாள்வரை பூச வேண்டும். பாலில் ஆன்டிபயாடிக் எச்சம் கலக்கும் கவலை இதில் இல்லை.

விதிகளைத் தாண்டியும் சில பண்ணைகள் போகின்றன. இயற்கைப் பண்ணைக் கன்றுக்கு 90 நாளாவது பால் கொடுக்க வேண்டும் என்றுதான் ஐரோப்பிய விதி சொல்கிறது; வாளியில் ஊற்றினாலும் போதும். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியாவில் சிலர் கன்றைத் தாயிடமோ வளர்ப்புத்தாய்ப் பசுவிடமோ ஊட்டவிடுகிறார்கள். கன்றை ஊட்டவிட்டுக் கறக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை. சிக்கல் எந்திரக் கறவையில்தான்: கன்றோடு பழகிய பசு எந்திரத்துக்குப் பாலை அடக்கிக்கொள்ளும். விற்பனைக்கு வரும் பாலும் குறையும்.

சேவல் குஞ்சுகளின் கதையும் இதேதான். முட்டைக்கோழி இனத்துச் சேவல் முட்டையிடாது, கறிக்கும் தேறாது. குஞ்சு பொரித்த அன்றே கொன்றுவிடுவது தொழில் வழக்கம். ஜெர்மனி 2022 முதல் அதைத் தடை செய்தது. முட்டையிலேயே குஞ்சின் பாலினத்தைக் கண்டறிந்து விலக்கும் கருவிகளுக்குப் பலர் மாறினார்கள். பயோலாண்ட், டிமீட்டர் என்ற இயற்கை வேளாண் சங்கங்கள் அதை ஏற்கவில்லை. சேவலையும் வளர்க்கச் சொல்கின்றன. தீவனம் நிறையத் தின்று மெல்லவே எடை போடும் அந்தச் சேவலின் செலவு முட்டை விலையில் ஏறுகிறது. முட்டைக்கும் கறிக்கும் உதவும் இனங்களை உருவாக்க இவ்விரு சங்கங்களும் 2015இல் தனி நிறுவனமே தொடங்கின.

விலை ஏறினால் வாங்குவோர் வேண்டும். 1987இலேயே இயற்கை வேளாண்மைக்குச் சட்டம் இயற்றிய டென்மார்க்கில் சந்தை வலுவாக இருக்கிறது. பிரான்சில் 2022இன் விலைவாசி உயர்வு மக்களை மலிவான பாலின் பக்கம் தள்ளியது. இயற்கைப் பாலில் ஒரு பகுதி சாதாரணப் பாலாகவே விற்கப்பட்டது. நட்டம் தாங்காமல் விலகுகிறவர் பின்னாளில் திரும்ப நினைத்தால், மேய்ச்சல் நிலத்துக்கு இரண்டு ஆண்டு, கறவை மாட்டுக்கு ஆறு மாதம் என்று இயற்கைமுறைக்கு மாறுவதற்கான காலத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.