முதல் தேர்தல்: சென்னை ராஜ்யம், 1952 (4) – பெட்டிக்கு ஒரு சின்னம்

வாக்காளர் ஜாபிதா தயாரான விதத்தைச் சென்ற வாரம் கண்டோம். அந்த ஜாபிதாவில் இடம்பெற்ற ஜனங்கள் 1952 ஜனவரியில் யார் யாரைத் தங்கள் எதிரே கண்டார்கள், யாரை ஏற்றார்கள், யாரைத் தள்ளினார்கள் என்பதை இனிப் பார்க்க வேண்டும். ஏனெனில், அந்தத் தேர்தலின் முடிவைக் குழப்பம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அது வாக்களித்தவர்களுக்கு இழைக்கும் அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் சாவடிக்குள் நுழைவோம். திரைமறைவில் அபேட்சகர் ஒருவருக்கு ஒன்றாக இரும்புப் பெட்டிகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றிலும் அவரவர் சின்னம் ஒட்டியிருக்கும். விரலில் மையிட்டுச் சீட்டைப் பெற்றுக்கொண்டு உள்ளே போகிறவர் எதையும் எழுத வேண்டியதில்லை, முத்திரை குத்த வேண்டியதுமில்லை. தமக்கு உகந்த சின்னமுள்ள பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரவேண்டியதுதான். இரட்டை அங்கத்தினர் தொகுதியானால் சீட்டும் இரண்டு. ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியில் போடலாகாது. 1937-இல் "மஞ்சள் பெட்டி" என்று சொல்லிக் காங்கிரஸ் வோட்டுக் கேட்ட காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் உடையவர்களுக்கே வாக்குரிமை இருந்தது. இப்போதோ 21 வயது நிரம்பிய கூலிக்காரரும், பண்ணையாளும், அவர்கள் வீட்டுப் பெண்களும் அதே வரிசையில் வந்து நின்றார்கள். இந்த முறையில் குறையும் உண்டு. சீட்டைப் பெட்டியில் போடாமல் மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து விற்றுவிட இடமிருந்தது. சீட்டிலேயே முத்திரை குத்தும் முறை 1962 பொதுத் தேர்தலில் பரவலாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆயினும் எழுத்தறியாத ஒருவர் யாருடைய தயவுமின்றித் தம் மனத்தைத் தெரிவிப்பதற்கு அன்று அதைவிடச் சுலபமான உபாயம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பெட்டிகளின் வரிசையில் நுகம் பூட்டிய இரட்டைக் காளை காங்கிரஸுக்கு. சுதந்திரம் வாங்கித் தந்த கட்சி என்ற பெருமை அதற்கு மங்கவில்லை. ஆனால் மழை பொய்த்த வருஷங்களும், உணவுக் கட்டுப்பாடும், ரேஷன் அரிசியும் அந்தப் பெருமையின்மேல் பாரமாக ஏறியிருந்தன. கதிர் அரிவாள் கம்யூனிஸ்டுகளுக்கு. 1950 பிப்ரவரி 11-ஆம் தேதி சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் 22 கைதிகளைப் பறிகொடுத்து, தலைவர்களில் பலரைச் சிறையிலும் தலைமறைவிலும் வைத்திருந்த கட்சி அது. அடக்குமுறையால் ஒரு கட்சியை ஒழித்துவிடலாம் என்று நம்பியவர்களுக்கு வாக்காளர் அளித்த விடை 62 ஸ்தானங்கள். குடிசைச் சின்னம், காங்கிரஸை விட்டு வெளியேறிய டி. பிரகாசம் பந்துலுவைத் தலைவராகக் கொண்ட கிஸான் மஸ்தூர் பிரஜா கட்சிக்கு. என்.ஜி. ரங்காவின் கிருஷிகார் லோக் கட்சி ஆந்திர விவசாயிகளை நம்பி நின்றது.

தமிழ் ஜில்லாக்களில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. தென்னாற்காட்டிலும் சேலத்திலும் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும், வடாற்காட்டிலும் செங்கற்பட்டிலும் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சியும், எண்ணிக்கையில் பெருகியிருந்தும் அதிகார ஸ்தானங்களில் இடமின்றிக் கிடந்த வன்னிய சமூகத்தாரின் மனக்குறையை வோட்டாக மாற்றின. தேர்தலில் நேராக இறங்காத திராவிட முன்னேற்றக் கழகம், திராவிட நாட்டுக் கோரிக்கைக்கு ஆதரவாக உறுதியளித்தவர்களுக்குத் துணைநின்றது. உழைப்பாளர் கட்சிக்கு 19, காமன்வீல் கட்சிக்கு 6 ஸ்தானங்கள் கிடைத்தன. ஜாதியின் பெயரால் கட்சியா என்று முகம் சுளித்தவர்கள், அந்த ஜாதியாருக்குப் பெரிய கட்சிகள் எத்தனை ஸ்தானம் கொடுத்தன என்று தங்களையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

மொத்தம் 375 ஸ்தானங்களில் காங்கிரஸுக்கு வந்தவை 152. தமிழ் ஜில்லாக்களில் 96 பெற்ற கட்சி, தனி மாகாணக் கிளர்ச்சியால் கொதித்துக்கொண்டிருந்த ஆந்திர ஜில்லாக்களில் 43-உடனும், மலையாளத்தில் வெறும் 4-உடனும் நின்றுவிட்டது. முதன்மந்திரி குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். எதிரணியின் மூத்த தலைவரான பிரகாசம் பந்துலு சென்னைத் துறைமுகத் தொகுதியில் தோற்றார். இதில் குழப்பம் எங்கே? பசிக்குப் பொறுப்பாளிகளைத் தண்டித்தும், அதே சமயத்தில் எவர் கையிலும் முழு அதிகாரத்தைக் கொடாமலும், ஜனங்கள் நிதானமாகவே தீர்ப்பளித்தார்கள்.

அதன்பின் நடந்தவைதான் மனத்தை வருத்துகின்றன. தொகுதியில் தோற்ற பிரகாசம், ஐக்கிய ஜனநாயக முன்னணிக்குத் தலைவராகி, 166 பேர் தம்முடன் இருப்பதாகச் சொல்லி மந்திரிசபை அமைக்க உரிமை கோரினார். பெரும்பான்மைக்கு வேண்டியதோ 188. மறுபுறம், தேர்தலில் நிற்கவே நிற்காத ராஜாஜியை, கவர்னர் ஸ்ரீ பிரகாசா மேல்சபைக்கு நியமித்தார். 1952 ஏப்ரல் 10-ஆம் தேதி அவர் முதன்மந்திரியானார். அந்த நியமனத்தை எதிர்த்துக் கம்யூனிஸ்டுத் தலைவர் பி. ராமமூர்த்தி ஹைகோர்ட்டுக்குப் போனார்; பலிக்கவில்லை. ராஜாஜியின் அறிவையும் நிர்வாகத் திறமையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பதவிக்கு வந்த சில வாரங்களிலேயே உணவுக் கட்டுப்பாடு நீங்கியதை ஜனங்கள் மனமார வரவேற்றார்கள். ஆயினும் முதன்முதலாக வாக்களித்த கோடிக்கணக்கான பிரஜைகளின் எதிரே, அவர்களிடம் ஒரு வோட்டும் கேட்டிராத ஒருவரைத் தலைவராக உட்காரவைத்தது சட்டத்துக்குப் பொருந்தியிருக்கலாம், நியாயத்துக்குப் பொருந்தவில்லை.

எதிரணியில் வென்ற மாணிக்கவேலு நாயக்கர் அந்த மந்திரிசபையிலேயே இடம்பெற்றார். சுயேச்சைகளும் சிறு கட்சியினரும் ஒவ்வொருவராக ஆளுங்கட்சிப் பக்கம் சாய, ஜூலை 3-ஆம் தேதி நம்பிக்கைத் தீர்மானம் 151-க்கு எதிராக 200 வோட்டுகளால் நிறைவேறியது. இந்தப் பெரும்பான்மை திரண்ட விதத்தையும், ஐக்கிய முன்னணி கலைந்த விதத்தையும் அடுத்த வாரம் விரிவாகச் சொல்கிறேன்.