கப்பல் போன கரை யாருக்கு?

செர்டாங்கில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் வண்டி மாறினால், தண்டவாளம் முடிகிற இடம் கிள்ளான் துறைமுகம். நிலையத்துக்குப் பக்கத்திலேயே கெத்தாம் தீவுக்குப் போகும் படகுத்துறை. ஸ்ரீ கெம்பாங்கான்வாசியான எனக்கு இதைவிட மலிவான ஞாயிறு உலா கிடையாது.

1901 செப்டம்பர் 15-ல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட பழைய துறைமுகம் இந்தப் பக்கம்தான். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிய என் தாத்தா கால் வைத்த மலாயா மண்ணும் இதுவே. 1960-களில் வடதுறைமுகம் வந்தது. 1990-களில் இண்டா தீவில் மேற்குத் துறைமுகம் வந்தது. பெரிய கப்பல்கள் அங்கே போய்விட்டன. பெய்ரூட் துறைமுகம் 2020 ஆகஸ்ட் 4-ல் ஒரே வெடிப்பில் சிதறியது. நம்முடையது சத்தமில்லாமல் தேய்ந்திருக்கிறது.

இப்படி ஓய்ந்த துறைமுகத்துக்கு மறுவாழ்வு கொடுத்த ஊர் ஜெர்மனியின் ஹம்பர்க். போரில் குண்டுவீச்சுக்கு ஆளாகி, பிறகு கொள்கலன் கப்பல்களால் கைவிடப்பட்ட 157 ஹெக்டர் நிலத்தில் வீடு, அலுவலகம், பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாம் கலந்து 'ஹாஃபன்சிட்டி'யை எழுப்பினார்கள். எனக்குப் பிடித்தது அதன் தரைமட்டம். கட்டடங்கள் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 8 மீட்டர் மேலே மேட்டில் நிற்கின்றன. கரையோர நடைபாதையைத் தாழ்வாகவே விட்டுவிட்டார்கள். வெள்ளம் வந்தால் அதில் ஏறிவிட்டு இறங்கிப் போகும்.

கிள்ளானில் இதை அலட்சியம் செய்ய முடியாது. கடல் பெருக்கு நாட்களில் இங்கே நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். 1901-லேயே இந்தத் துறைமுகம் ஒரு பாடம் சொன்னது. திறந்த சில வாரங்களில் மலேரியா பரவி, மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்தது. கிள்ளான் அரசு மருத்துவர் மால்கம் வாட்சன் கால்வாய் வெட்டி, சதுப்பைச் சீர்செய்யச் சொன்னார். அதன் பிறகுதான் துறைமுகம் பிழைத்தது. நீரைக் கவனித்த பிறகே கட்டடம் என்பது இந்த மண்ணுக்குப் பழைய பாடம்.

ஆற்றுப்பக்கம் வேலை நடக்கிறது. மிட்வேலியிலிருந்து கழிமுகம் வரை 56 கிலோமீட்டர் கிள்ளான் ஆற்றைத் துப்புரவாக்கி, கரைகளை மேம்படுத்துவது 'சிலாங்கூர் மேரிடைம் கேட்வே' திட்டம். 2019 முதல் சூரிய சக்தியில் இயங்கும் 'இன்டர்செப்டர்' ஆற்றுக் குப்பையை வாரிக்கொண்டிருக்கிறது. நல்ல தொடக்கம்.

என் கவலை அடுத்த கட்டம் பற்றியது. கரை சுத்தமானால் நிலவிலை ஏறும், கொண்டோமினியம் வரும். வரட்டும். கூடவே வாங்கக்கூடிய விலையில் வீடுகளும் வரவேண்டும். மீனவர் படகுக்கு இடமும், வெட்டாமல் விட்ட கண்டல் காடும் வேண்டும். இந்த மாதிரித் திட்டப் படங்களில் எப்போதும் வெள்ளைக் குடை விரித்த காபிக்கடை ஒன்று இருக்கும். ரொட்டி சானாய் கடையை நான் பார்த்ததே இல்லை!

இன்னொன்றும் கேட்பேன். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காகப் பழைய கிடங்கு ஒன்றை இடிக்காமல் அருங்காட்சியகமாக்கலாம். நுழைவு இலவசமாக இருக்கட்டும். கொமுட்டர் நிலையத்திலிருந்து வெயில்படாமல் நடந்துபோக, இருபுறமும் மரம் வைத்த பாதையும் போடட்டும்.