மாடிப்படியின் கீழ்

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரையைப் பற்றியது. எரியும் கூரை மூங்கிலோடு சரிந்து குழந்தைகள் மீது விழுந்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றை அகற்ற அரசாங்கம் ஆணையிட்டதை யாவரும் அறிவர். அவ்விபத்தை ஒட்டி எழுந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2009 ஏப்ரல் 13-இல் வழங்கிய தீர்ப்பு அவ்வளவாக நினைக்கப்படுவதில்லை.

ஆறு மாதத்துக்குள் தீயணைப்புக் கருவிகள் வேண்டும், ஆசிரியர்க்கு அவற்றைக் கையாளும் பயிற்சி வேண்டும் என்று அது கூறிற்று. மற்றொன்றும் கூறிற்று: பள்ளிக் கட்டடத்தில் எளிதில் தீப்பற்றும் பொருள் இருத்தலாகாது; வைத்தே தீரவேண்டுமாயின் பாதுகாப்பாக வைத்தல் வேண்டும்.

'வைத்தே தீரவேண்டுமாயின்' என்ற இடத்தில் நான் திகைத்து நின்றேன். அப்போது நான் தலைமையாசிரியன். எங்கள் பள்ளியில் மாடிப்படியின் கீழே ஓர் இருட்டறை. தணிக்கைக்காகக் காத்திருந்த விடைத்தாள் கட்டுகள், கழிப்பதற்கு உத்தரவு வராத உடைந்த பெஞ்சுகள், மண்ணெண்ணெய் டின், ஆய்வுக்கூடத்து ஸ்பிரிட் புட்டிகள் யாவும் அதிலேதான். ஒவ்வொன்றுக்கும் தக்க காரணம் இருந்தது. எதுவும் இல்லாமல் முடியாது என்றே நானும் சொல்லியிருப்பேன்.

எரிவது திரவமன்று, அதன் ஆவியே. எந்த வெப்பத்தில் அந்த ஆவி தீப்பற்றும் அளவுக்கு எழுகிறது என்பதைக் கொண்டே 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும் எண்ணெய்களை வகுக்கிறது. 23 பாகைக்குக் கீழே பற்றுவது முதல் வகுப்பு. பெட்ரோல் அதில் அடங்கும். ஸ்பிரிட்டும் அத்தகையதே. நம் ஊர் வெயிலில் மூடி தளர்ந்த புட்டியிலிருந்து ஆவி ஓயாது எழும். காற்றினும் கனமானதாதலால் தரையோடு தவழ்ந்து செல்லும். சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும். மண்ணெண்ணெய் சற்றுப் பொறுமையுள்ளது. ஆயினும் காகிதத்தில் ஊறிவிட்டால் அந்தக் காகிதமே திரியாகிவிடும்.

பொருளினும் இடமே என்னை அச்சுறுத்தியது. படிக்கட்டு புகைபோக்கியைப் போன்றது. புகை மேலேறும் அவ்வழியாகத்தான் பிள்ளைகள் கீழே இறங்கவேண்டும். கும்பகோணத்திலும் படிகள் குறுகலானவை.

மறுநாளே ஸ்பிரிட்டை மைதானத்துக்கு அப்பாலிருந்த சிறு கல்லறைக்கு மாற்றினேன். விடைத்தாள்கள் அலுவலக இரும்பு பீரோவுக்குள் சென்றன. மண்ணெண்ணெயை வாங்குவதையே நிறுத்தினோம். பெஞ்சுகளை வேப்பமரத்தடியில் அடுக்கினோம். அரசாங்கச் சொத்தை மழையில் நனையவிட்டது ஏன் என்று அடுத்த தணிக்கையில் விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன்.